நாணயம் தட்டும் கை

இருபது ஆண்டு ஓடிய காற்றாலைகளை மாற்றியமைக்கவோ, பழுதுபார்த்து ஆயுளை நீட்டிக்கவோ வழிசெய்யும் கொள்கையைத் தமிழக அரசு 2024-இல் வெளியிட்டது. அந்தச் செய்திதான் என்னை ஆரல்வாய்மொழிக்கு இழுத்தது. பக்கத்து முப்பந்தலில் 1980களின் பிற்பாதியிலிருந்தே காத்தாடிகள் சுற்றுகின்றன. பழைய இறக்கை இன்னும் தாங்கும் என்று யார் சொல்வது, எதை வைத்து? நண்பர் ஒருவர் பராமரிப்புக் களத்துக்குக் கூட்டிப்போனார். அது தை மாதம். ஆனி ஆடிக் காற்று ஓய்ந்த பிறகுதான் இறக்கையைக் கீழே இறக்குவார்கள்.

மரக்கட்டைகள்மேல் கிடந்த இறக்கைக்கு ஹாலஜன் விளக்கால் சூடேற்றி, விளக்கை அணைத்தார்கள். எதிரே அகச்சிவப்புக் கேமரா. இறக்கை, கண்ணாடி இழையும் ரெசினும் அடுக்கடுக்காக ஒட்டிய பொருள். நல்ல இடத்தில் சூடு மெல்ல உள்ளே இறங்கிவிடும். அடுக்கு விட்டுப்போய் நடுவில் காற்று நின்றால் சூடு இறங்க வழியில்லை. அந்த இடம் மட்டும் திரையில் வெளிச்சமாகத் தங்கும். தண்ணீர் புகுந்திருந்தால் சூட்டை அது வாங்கிக்கொள்ளும், அங்கே கறுத்துத் தெரியும். பழுதின் ஆழம் இரண்டு மடங்கானால் அது திரைக்கு வர நான்கு மடங்கு நேரமாகும், அதுவும் மங்கலாக. எந்த நொடியில் தெரிந்தது என்பதிலிருந்தே ஆழத்தைக் கணிக்கிறார்கள். கணினிக் கணக்கை விட்டுவிடுகிறேன். என் கண் அதற்குள் ஒருவர் கைமேல் போயிருந்தது.

கையில் பழைய நாணயம் ஒன்று. வெளிச்சம் கண்ட இடத்தைத் தட்டிக்கொண்டே போய், ஓசை மந்தமாகும் எல்லை நெடுகச் சாக்பீஸால் கோடு போட்டார். குளச்சல்காரர். பதினாறு வயதில் ஃபைபர் வள்ளம் கட்டும் ஷெட்டில் சேர்ந்தவர். கண்ணாடி இழை மேட் விரித்து, ரெசின் பூசி, ரோலர் ஓட்டிக் காற்றை வெளியேற்றுவதுதான் அங்கே முதல் பாடம்.

“ரோலரு சரியா ஓடலன்னா காத்து உள்ள நின்னுரும் அண்ணாச்சி. வள்ளத்துல அது அலையடிச்சுப் பொளக்கும். இங்க காத்தடிச்சுப் பொளக்கும்.”

வள்ள வேலை குறைந்தபோது, கயிற்றில் தொங்கி இறக்கை ஒட்டும் வேலைக்கு வந்திருக்கிறார். அன்று திரையில் இரண்டு வெளிச்சங்கள். அவற்றில் ஒன்று பழுதே இல்லை, முன்பு யாரோ புட்டி வைத்து ஒட்டிய இடம் என்று தட்டிப் பார்த்துச் சொன்னார். பெயின்ட்டைச் சுரண்டினார்கள். புட்டிதான்.

கேமரா இயக்குபவருக்குச் சான்றிதழ் உண்டு, அறிக்கையில் பெயரும் உண்டு. இவருக்கு இரண்டும் இல்லை. காற்றாலை முதலாளி தரும் பணம் பராமரிப்பு நிறுவனம், ஒப்பந்தக்காரர், ஆள் பிடித்துத் தருபவர் என்று கைமாறி, இவரிடம் நாள்கூலியாக வந்து சேர்கிறது. கயிற்றையே தொடாதவருக்கு இதில் என்ன பங்கு? கூலியைப் பிய்த்துக்கொள்ள இத்தனை பேர். அந்த உயரத்தில் தொங்கும் ஆபத்தில் பங்கு கேட்க ஒருவரும் இல்லை. காற்று சீசனில் இறக்கை வேலை கிடையாது, கூலியும் கிடையாது.

நாகர்கோவில் கோணத்தில் அரசு தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. இந்த அகச்சிவப்புச் சோதனை முறையை அங்கே தமிழில் கற்பித்து, சோதனையாளர் சான்றிதழுக்கான ஐஎஸ்ஓ 9712 தரத்தின்படி இவர்கள் தேர்வெழுத அரசு வழிசெய்ய வேண்டும். ஆயுள் நீட்டிப்பு கேட்டுப் போகும் ஒவ்வோர் அறிக்கையிலும் இறக்கையைத் தட்டிப் பார்த்தவர் பெயரும் இருக்க வேண்டும்.