மேற்குச் சுவர்

ப்ளைவுட் பலகையில் தண்டவாளம் பதித்து, எஞ்சின் ஓடத் தொடங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆனாலும் அது எந்த ஊர் என்று தெரியவில்லை. பக்கத்தில் ஒரு கட்டடம் வந்தால்தான் பாதைக்கு ஊர் கிடைக்கும். எடுத்தவுடன் ஸ்டேஷன் கட்டத் துணிவு வரவில்லை. தென்காசிக்கும் செங்கோட்டைக்கும் நடுவே, சின்ன வயதில் சைக்கிளை ஊன்றி நின்ற ஒரு கேட்டின் கேட்மேன் அறையை எடுத்துக்கொண்டேன்.

மாதிரி ரயில்களில் என்னுடையது ஹெச்ஓ அளவு. நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு. மீட்டர் கேஜின் 1000 மில்லிமீட்டர் அதில் பதினொன்றரை ஆகும், 12 மி.மீ. தண்டவாளம் விலைக்குக் கிடைக்கிறது. நம் அகலப்பாதைக்கு அந்த வசதி இல்லை. 1676-ஐ 87-ஆல் வகுத்தால் 19-க்கு மேல் போகிறது, விற்பதோ வெளிநாட்டு அளவான 16.5. மீட்டர் கேஜை நான் எடுத்ததற்கு இந்தக் கணக்கு இரண்டாவது காரணம்தான். முதல் காரணம் வேறு. 1904-ல் கொல்லத்தோடு செங்கோட்டையை இணைத்த எங்கள் மீட்டர் கேஜ் பாதையில், மலைப்பகுதியும் அகலப்பாதையாகி 2018-ல் திறந்தது. நான் பார்த்து வளர்ந்த சின்ன வண்டிக்கு அங்கே இனி இடமில்லை. அதற்கு என் வீட்டிலாவது ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தேன்.

பத்தடிக்குப் பத்தடி அறை என் அளவில் 35 மி.மீ. சதுரம், தீப்பெட்டியைவிடச் சின்னது. அட்டை, கட்டர், ஸ்டீல் ஸ்கேல் எல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வாசல் எந்தப் பக்கம்? சன்னல் எத்தனை? ஒன்றும் நினைவில் இல்லை. அத்தனை வருஷம் அங்கே நின்றவன் வண்டியை மட்டுமே பார்த்திருக்கிறேன்.

எங்கள் தெருவில் கேட்மேனாக இருந்து ஓய்வு பெற்ற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். போய்க் கேட்டேன்.

“சன்னல் ரெண்டு பக்கமும் உண்டு தம்பி. கெழக்க ஒண்ணு, மேக்க ஒண்ணு. ராத்திரி உள்ள உக்காந்திருந்தாலும், எந்தப் பக்கம் வண்டி வந்தாலும் வெளிச்சம் தெரியணும்லா? வாசல் லைனப் பாத்துதான் இருக்கும். கொடிய எடுத்துட்டு ஒரே எட்டுல வெளிய வரணும்.”

“முன்னால தாழ்வாரத்துக்குத் தூண் இருந்துச்சா அண்ணாச்சி, மரமா?”

“மரமாவது! பழைய தண்டவாளத்த வெட்டி நட்டு வச்சிருந்தாங்க.”

வீட்டுக்கு வந்து மறுபடி வரைந்தேன். சாதாரணக் காகிதத்தில் ஒரு மாதிரி செய்து பாதை ஓரம் வைத்துப் பார்த்தபின்தான் அட்டையை வெட்டினேன். அப்படியும் முதல் நாலு சுவரும் வீணாயின. அட்டையின் ஒரு பக்கம் மட்டும் ஃபெவிகால் பூசிக் காகிதம் ஒட்டியதில், ஈரம் இழுத்து, விடிந்தபோது வாழை மட்டைபோல் வளைந்து கிடந்தன. இரண்டாம் முறை இரு பக்கமும் ஒட்டி, மேலே கனமான புத்தகங்களை ஏற்றிக் காயவிட்டேன். உள் மூலைகளில் சதுரக் குச்சி கொடுத்ததும் சுவர் நேராக நின்றது.

கூரை மங்களூர் ஓடு. 1865-ல் பாசல் மிஷன்காரர்கள் மங்களூரில் தொழிற்சாலை வைத்துச் செய்யத் தொடங்கிய அதே வகை. ஓர் ஓடு ஏறத்தாழ 41 செ.மீ. நீளம், 23 செ.மீ. அகலம். ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் படிவதால் என் அளவில் வெளியே தெரிவது நாலு மி.மீ.க்கும் குறைவு. சின்னச் சாமான்கள் வரும் மெல்லிய அட்டைப்பெட்டியில் மேல்தாளை நனைத்து உரித்தால் உள்ளே நெளிநெளியாக இருக்கும். அந்த நெளி ஓட்டின் அகலத்துக்குக் கிட்டத்தட்டப் பொருந்துகிறது. பட்டை பட்டையாக நறுக்கி, இறவாரத்திலிருந்து மேல்நோக்கி, சரிவுக்கு எட்டு வரிசை ஒட்டினேன். கொத்தனாரும் கீழிருந்துதான் ஓடு வேய்வார். மேலிருந்து தொடங்கினால் மழைத்தண்ணீர் உள்ளே போகும். என் கூரையில் மழை பெய்யப்போவதில்லை. ஆனாலும் வேறு மாதிரி ஒட்ட மனம் வரவில்லை.

தூணுக்குப் பாதை போட்டதில் மிஞ்சிய தண்டவாளத் துண்டுகளையே நட்டேன். அளவில் சற்றுத் தடிமன்தான். ஆனால் ரயில்வே செய்ததையே நானும் செய்திருக்கிறேன் என்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம்.

வெளிர் மஞ்சள் பூசி முடித்தபோது அறை புதுப் பொம்மைபோல் இருந்தது. அதுதான் உறுத்தியது. எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் சாரல் மேற்கிலிருந்து, செங்கோட்டைக் கணவாய் வழியாக அடிக்கும். ஆகவே மேற்குச் சுவரில் மட்டும் நீர்த்த கறுப்பையும் பச்சையையும் மேலிருந்து கீழாக வழியவிட்டேன். கிழக்குச் சுவரைத் தொடவில்லை. நாலு பக்கமும் அடியில் செம்மண் நிறச் சாக்பொடியை விரலால் தேய்த்தேன். வைத்த இடத்தில் அறை உட்கார்ந்துவிட்டது. எது மேற்கு என்று பலகையைப் பார்த்தே இப்போது சொல்லலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை அண்ணாச்சியைக் கூட்டி வந்து காட்டினேன். ஒன்றும் பேசாமல் முட்டியில் கைவைத்துக் குனிந்து, கண்ணைக் கிழக்குச் சன்னலுக்கு நேரே கொண்டுபோனார். நான் வண்டியைப் பலகையின் மேற்குக் கோடியிலிருந்து மெதுவாக நகர்த்தினேன்.

“வருது,” என்றார்.