ஸ்கந்தபுரத்துக் குமிழ்

பழைய மணிக்கூட்டைத் திருத்தக் கொடுக்கப் போனால், ஒறிஜினல் தேடிப் போடுவதா, கிடைக்கிறதைப் போடுவதா என்று கேட்பார்கள். எல்லா உறுப்புக்கும் ஒரே பதிலை என்னால் சொல்ல முடியாது.

ஓடுகிற உறுப்பென்றால் எனக்குத் தயக்கமில்லை. அப்பாவின் சீக்கோ 5, எண்பதுகளில் சித்தப்பா சவூதியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. கை அசைய அசைய உள்ளே சுருள்வில் தானே முறுகிக்கொள்ளும், பற்றறி வேண்டாம். வன்னியில் இது சின்ன விஷயமில்லை. தொண்ணூறுகளில் அரசு விதித்த பொருளாதாரத் தடையில் பற்றறியும் அகப்பட்டிருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட காலம். குவாட்ஸ் மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றபோது இது ஓடியது. அவ்வளவு உழைத்த சுருள்வில் தளர்ந்துபோனால் புதியதைப் போடத்தான் வேண்டும். காய்ந்த எண்ணெயோடு ஓடவிட்டால் சக்கரங்களின் அச்சு தேயும். இறுகிப்போன இறப்பர் வளையம் ஈரத்தை உள்ளே விடும். பழையது என்பதற்காக இவற்றை வைத்திருப்பது மணிக்கூட்டுக்குச் செய்கிற கெடுதல்.

கிளிநொச்சியில் ஒரு கடையில் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் இருந்த தம்பி, கண்ணில் வில்லையை மாட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணை, டயலையும் மாத்துவம். இந்தியாவில இருந்து வந்தது கிடக்கு. உந்தக் குமிழையும் கழட்டிப்போட்டு ஒறிஜினல் போட்டா புதுசு மாதிரி இருக்கும்" என்றார். அவர் சொன்னது தொழில் தெரிந்த பேச்சுத்தான். ஆனாலும் நான் வேண்டாம் என்றேன்.

சீக்கோ 5இல் முள்ளைத் திருப்பும் குமிழ் நாலு மணிப் பக்கம் பாதி புதைந்தபடி இருக்கும். தினமும் முறுக்கத் தேவையில்லாததால் அதை ஒதுக்கி வைத்தார்கள். அப்பாவின் மணிக்கூட்டில் அது 1996இல் கழன்று விழுந்தது. இராணுவம் கிளிநொச்சியை நோக்கி வர, சனம் அக்கராயன் பக்கம் நகர்ந்த நேரம். டயலின் கீழ்ப்பாதியில் தேத்தண்ணி சிந்தியதுபோல் இருக்கும் கறை அந்த மாரிக்குரியது. பிறகு ஸ்கந்தபுரத்தில் ஒருவர் வேறேதோ மணிக்கூட்டின் குமிழை அராவிப் பொருத்திக் கொடுத்தார். அளவு கொஞ்சம் பெரிது. வெளியே துருத்திக்கொண்டு மணிக்கட்டில் அழுத்தும்.

அதே 1996 மே மாதம் கொழும்பு மின்சாரத்தை மிச்சம் பிடிக்க நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்டோபரில் அதில் அரை மணித்தியாலத்தைத் திருப்பியது. அரசின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த வன்னி பழைய நேரத்திலேயே நின்றது. 2002இல் ஏ9 வீதி திறந்த பிறகு அப்பா வவுனியாவுக்குப் போகும்போது ஓமந்தைச் சோதனைச்சாவடியில் முள்ளை அரை மணித்தியாலம் முன்னே தள்ளுவார். திரும்பும்போது பின்னே இழுப்பார். 2006 ஏப்ரலில் கொழும்பும் பழைய நேரத்துக்கே வந்ததோடு அந்த வேலை முடிந்தது. அதுவரை அவர் திருகியது இந்தப் பொருந்தாத குமிழைத்தான். ஜப்பானிலிருந்து வந்த குமிழுக்கு ஓமந்தை தெரியாது.

பழைய கட்டடங்களைப் பேணுவதற்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், ஒரு கட்டடத்தில் எல்லாக் காலங்களும் சேர்த்தவற்றை மதிக்கச் சொல்கிறது. எல்லாவற்றையும் ஒரே காலத்துக்குரியதாக ஆக்குவது அதன் நோக்கமல்ல. மணிக்கூட்டுக்கும் இது பொருந்தும் என்றே நம்புகிறேன். தொழிற்சாலையிலிருந்து வந்த நாளை மட்டும் ஒறிஜினல் என்று கொண்டால், தடைக்காலத்தில் ஓர் அரத்தோடு இருந்து அந்த மனிதர் செய்த வேலைக்கு இடமில்லாமல் போய்விடும்.

சுருள்வில்லும் வளையமும் மாறின. டயலும் குமிழும் அப்படியே. அந்தக் குமிழ் தண்ணீரைத் தடுக்காது, ஆகவே கிணற்றடிக்குப் போகுமுன் மணிக்கூட்டைக் கழற்றிவிடுகிறேன். பழைய சுருள்வில்லைத் தம்பியிடம் கேட்டு வாங்கி, எது எங்கே எப்போது மாறியது என்று எழுதிய தாளோடு ஒரு பையில் போட்டிருக்கிறேன். மகனுக்குப் பளபளப்பான டயல்தான் பிடிக்கும். நாளை அவன் மாற்ற நினைத்தால் அந்தத் தாளை வாசித்துவிட்டு மாற்றட்டும்.