அன்னாசியைப் பூக்க வைக்கும் கைகள்

வார இறுதியில் சிங்கப்பூரிலிருந்தும் ஜொகூர் பாருவிலிருந்தும் கிளம்பும் சுற்றுலா வேன்களுக்குப் பொந்தியான் மாவட்டத்தில் ஒரு வழக்கமான பாதை உண்டு. ஸ்கூடாயிலிருந்து 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில் பொந்தியான், அங்கிருந்து கடலுக்குள் கால் ஊன்றி நிற்கும் குக்கூப் மீனவர் வீடுகள், கடைசியில் தஞ்சோங் பியாய். ஆசியப் பெருநிலத்தின் தென்முனை அது. முனைக்குப் போகும் மரப்பாலத்தின் இருபுறமும் கண்டல் காடு. தஞ்சோங் பியாய், பூலாவ் குக்கூப், சுங்கை பூலாய் ஆகிய மூன்றும் 2003இல் ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டவை. பார்க்க வேண்டிய இடங்கள், சந்தேகமே இல்லை.

இந்தப் பாதையில் பெக்கான் நானாஸ் வெறும் இடைநிறுத்தம். வேன் நிற்கும், பழம் வாங்குவார்கள், ஏறிவிடுவார்கள். நேரம் இருப்பவர்கள் அன்னாசி அருங்காட்சியகத்தை எட்டிப் பார்ப்பார்கள். பல வருஷமாக இந்த வழியில் வேன் ஓட்டும் நண்பர் ஒருவர் என்னிடம், "எல்லாரும் கடையப் பாத்துட்டுப் போயிடுறாங்க. தோட்டத்த யாரும் பாக்குறதில்ல" என்று வருத்தப்பட்டார். தமக்குத் தெரிந்த ஓர் அண்ணனின் தோட்டத்துக்கு அவரே கூட்டிப்போனார்.

அண்ணன் பிறந்தது ரப்பர் தோட்டத்து லயத்தில். அப்பாவும் அம்மாவும் பால்மரம் சீவியவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பிறகு தோட்டமே கைமாறியது, லயம் காலியானது. அங்கே இங்கே கூலி வேலை பார்த்தவர், சீனத் தவுக்கே ஒருவரிடம் அன்னாசி வேலை கற்றுக்கொண்டு, இப்போது குத்தகை நிலத்தில் சொந்தமாகப் பயிர் செய்கிறார். அவர் வீட்டு அக்காவும் கூடவே நிற்கிறார். உதவிக்கு இந்தோனேசியத் தொழிலாளர்கள்.

நிலம் காம்புட் மண். ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தண்ணீரில் ஊறி, முழுதும் மட்காமல் படிந்த காட்டுக் குப்பைதான் அந்த மண். கால் வைத்தால் உள்வாங்குகிறது. வடிகாலில் ஓடும் நீர் பாலில்லாத தேநீர் நிறம். புளிப்பு மிகுந்த இந்த மண்ணைப் பல பயிர்கள் தாங்காது, அன்னாசி தாங்கும். தண்ணீரை அதிகம் வடித்துவிட்டால் மண் காய்ந்து, தீப்பிடித்தால் அடியிலேயே கனன்றுகொண்டிருக்கும். வடிக்காமல் விட்டால் வேர் அழுகும். வாய்க்கால் மட்டத்தைப் பார்த்துக்கொள்வதே பாதி விவசாயம்.

"இந்த மண்ணுல கனமான மிஷினு இறங்காது தம்பி. மனுசந்தான் இறங்கணும்" என்றார் அண்ணன்.

அன்றைக்கு நடந்தது பூ மருந்து ஊற்றும் வேலை. அன்னாசியை அதன் போக்கில் விட்டால் ஒன்று இன்று பூக்கும், பக்கத்துச் செடி இரண்டு மாதம் கழித்துப் பூக்கும். அறுவடை சிதறிவிடும். நட்டு எட்டு ஒன்பது மாதமான செடிகளுக்கு எத்திலீன் வாயு தரும் மருந்தைத் தண்ணீரில் கலந்து, ஒவ்வொரு செடியின் குருத்துக்குள்ளும் ஊற்றுகிறார்கள். அசோர்ஸ் தீவுகளில் கண்ணாடிக் கூடத்துக்குள் புகை போட்டு அன்னாசியைப் பூக்க வைத்தார்களே, அதே வித்தை. புகையில் இருப்பதும் எத்திலீன்தான்.

அக்கா முதுகில் மருந்துத் தொட்டியைச் சுமந்து வரிசைக்குள் நுழைந்தார். நீளக்கைச் சட்டை, ரப்பர் பூட்ஸ், முகத்தைச் சுற்றித் துண்டு. இலை முள்ளும் நுனியும் துணியைக் கிழிக்கும். குழாய் முனையைக் குருத்துக்கு நேரே பிடிக்கிறார், ஒரு கணம் விசையை அழுத்துகிறார், விடுகிறார், அடுத்த செடி. சிந்துவதில்லை, விட்டுப்போவதும் இல்லை. வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும். ஊற்றிய சில மணி நேரத்தில் மழை பெய்தால் மருந்து கழுவிக்கொண்டு போய்விடும், திரும்பவும் ஊற்ற வேண்டும். ஒரு ஹெக்டேரில் நாற்பதாயிரத்துக்கு மேல் செடிகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு குனிவு.

இந்தக் குனிவுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. சீனப் புத்தாண்டில் அன்னாசி மங்கலப் பொருள், விலை ஏறும். எம்டி2 ரகம் மருந்து ஊற்றி ஏறத்தாழ ஐந்து மாதத்தில் வெட்டுக்கு வரும். ஆகவே பண்டிகையிலிருந்து பின்னோக்கி எண்ணி நாள் குறிக்கிறார்கள். உரம், பூச்சி மருந்து பற்றியும் அண்ணன் விரிவாகச் சொன்னார். என் மனம் அக்காவின் கையை விட்டு அகலவில்லை.

இவ்வளவு கணக்காக விளைத்தவர் விலை பேச முடிகிறதா? முடியவில்லை. அன்னாசி வெட்டிய பிறகு இனிப்பு ஏறாத பழம். வாழையைப் போலக் காயாக வெட்டிவைத்துப் பழுக்கவிட முடியாது. பழுத்ததைச் செடியில் விட்டால் அழுகும், வெட்டினால் சில நாள்தான் தாங்கும். குளிர்க்கிடங்கு விவசாயியிடம் இல்லை, லோரியும் இல்லை. "லோரிக்காரர் சொல்றதுதான் வெல" என்றார் அண்ணன். வெயில் பட்ட தழும்பு, சிறிய உருவம், கோணல் கொண்டை என்று கழித்து வாங்கும் பழம் நகரத்துக் கடையில் துண்டு போட்டு நல்ல விலைக்குப் போகிறது. நடுவில் நிற்பவர் செடியும் நடவில்லை, முள்ளும் படவில்லை.

இது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. தான் கா கீ என்பவர் 1904இல் சிங்கப்பூரில் அன்னாசி டப்பா ஆலை தொடங்கினார். பின்னால் லீ கொங் சியானுக்கு அன்னாசி மன்னர் என்றே பெயர். இரண்டாம் உலகப் போருக்கு முன் டப்பா அன்னாசி ஏற்றுமதியில் ஹவாய்க்கு அடுத்த இடம் மலாயாவுக்கு. ஆலை வைத்தவர்களின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. நட்டவர், வெட்டியவர், சீவியவர் பெயரைத் தேடினால் கிடைக்காது. 1957இல் அன்னாசித் தொழில் வாரியம் வந்தது. ரகம், கன்று, பயிற்சி எனப் பல நன்மைகள் நடந்தன. ஆனால் கூலிக்காரருக்கு 2025இல் மாதம் 1,700 ரிங்கிட் என்று குறைந்தபட்ச ஊதியம் வகுத்த நாட்டில், குத்தகை விவசாயியின் பழத்துக்கு லோரிக்காரர் சொல்வதே விலை. உழைப்புக்குத் தரை போட்ட சட்டம் விளைச்சலுக்கும் போட வேண்டாமா? பெக்கான் நானாஸ் வட்டாரத்தில் விவசாயிகளுக்கென்று ஒரு பொதுக் குளிர்க்கிடங்கும் இரண்டு லோரியும் இருந்தால் பேரத்தில் அவர்கள் கை ஓங்கும்.

சுற்றுலா நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: தஞ்சோங் பியாய்க்குப் போகும் வழியில் ஒரு மணி நேரத்தைத் தோட்டத்துக்கு ஒதுக்குங்கள், பார்வைக் கட்டணத்தை விவசாயி கையில் கொடுங்கள். வாசகர்களுக்கும் ஒன்று: பொந்தியான் பக்கம் போனால், விளைத்தவரே விற்கும் கடையைக் கேட்டு விசாரித்து அங்கே பழம் வாங்குங்கள். பேரம் பேசாதீர்கள்.