பிராஞ்சு ரிக்கி

நமக்குக் கிரிக்கெட்டு எப்படியோ, அமெரிக்கருக்குப் பேஸ்பால் என்னும் பந்தாட்டம் அப்படி. அவ்வாட்டச் சங்கங்களை நடத்திப் புகழ்பெற்ற வெஸ்லி பிராஞ்சு ரிக்கி என்பவர் முதலில் சட்டம் பயின்றவர் என்பதைப் பலர் அறியார்.

1881ஆம் ஆண்டில் ஓஹையோ மாகாணத்திலே மெதடிஸ்டுக் குடும்பமொன்றில் பிறந்த அவர், ஓஹையோ வெஸ்லியன் கலாசாலையில் கல்வி கற்றார். ஓய்வுநாளில் ஆடேன் என்றமையால் 1904இல் சின்சினாட்டிச் சங்கத்தார் அவரை விலக்கினர். இது வீண் பிடிவாதமென நம்முள் சிலர் நினைக்கலாம். நாம் அவ்வாறு நினைக்கவில்லை. பின்னர் க்ஷயரோகத்தால் வருந்தி, தேறி, 1911இல் மிஷிகன் சர்வகலாசாலையில் சட்டப் பட்டம் பெற்றார். பாய்சி நகரில் வக்கீலாய் அமர்ந்தார்; கட்சிக்காரர் வந்திலர். ஆகவே ஆட்டக்களத்துக்கே திரும்பினார்.

அவர் தம் கலாசாலை மாணாக்கரைப் பயிற்றிவந்த நாளில் நிகழ்ந்ததொன்றைப் பிற்காலத்தில் அடிக்கடி எடுத்துச் சொல்வதுண்டு. சவுத் பெண்டு என்னும் ஊரிலுள்ள ஹோட்டலார், கறுப்பினத்தவரான சார்லஸ் தாமஸ் என்னும் மாணாக்கருக்கு மட்டும் இடந்தர மறுத்தனர். ரிக்கி வாதாடித் தம் அறையிலேயே அவரைத் தங்கவைத்தார். அன்றிரவு தாமஸ் தம் கைகளின் தோலை உரித்தெறிவார்போலத் தேய்த்துத் தேய்த்து அழுதாராம்.

அக்கண்ணீருக்கு விடைகூற ரிக்கிக்கு நாற்பதாண்டுகள் சென்றன. பெரிய சங்கங்களிலே கறுப்பினத்தாரைச் சேர்க்கலாகாதென்பது எழுதாச் சட்டமாய் இருந்தது. புரூக்ளின் சங்கத்தின் தலைவரானபின், அதன் பங்குகளில் பாதியை மேற்பார்த்துவந்த பாங்கியின் தலைவர் ஜார்ஜ் மக்லாக்லினிடம் தம் எண்ணத்தை வெளியிட்டார், அவர் தடைசொல்லவில்லை. 1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள் ஜாக்கி ராபின்சனை அழைத்து, ஏறக்குறைய மூன்று மணிநேரம் பேசினார். எதிரிகள் வழங்கக்கூடிய வசைகளையெல்லாம் தாமே நடித்துக் காட்டி, இவற்றைக் கேட்டும் கையோங்காதிருக்க வேண்டுமென்று வாக்கு வாங்கினார். கையோங்காதிருத்தலே பெருந்துணிவு வேண்டும் செயல் என்பதை ராபின்சன் உணர்ந்துகொண்டார். 1947 ஏப்ரல் 15ஆம் நாள் அவர் புரூக்ளின் களத்தில் இறங்கினார்.

ரிக்கியை முற்றும் புகழ நமக்கு மனமில்லை. ஆட்டக்காரருக்குச் சம்பளங்கொடுப்பதில் அவர் கடும் சிக்கனக்காரர். ராபின்சன் முன்பு ஆடிவந்த கன்சாஸ் நகர மொனார்க்ஸ் சங்கத்துக்கோ அவர் காசொன்றும் ஈந்திலர். அங்கே செல்லத்தக்க ஒப்பந்தமில்லை என்பது அவர் கட்சி. வக்கீலுக்கேற்ற கட்சிதான். ராபின்சனைப் பின்பற்றிச் சிறந்த ஆட்டக்காரர் பலரும் பெரிய சங்கங்களுக்குச் செல்லவே, கறுப்பினத்தார் தமக்கென நெடுங்காலம் நடத்திவந்த பந்தாட்ட லீகுகள் சில ஆண்டுகளுக்குள் நலிந்துபோயின.