விசில் கணக்கு

போடியில் ஏலத்தோட்டக்காரர் வீட்டுப் பையன் ஒருவன், ஊறவைத்த சோளத்தைப் பையில் கட்டி, குக்கரில் நாலு விசில் விட்டு இறக்கி, ட்ரைக்கோடெர்மா வளர்க்கிறான். மழைக்காலத்தில் ஏலச்செடியைத் தாக்கும் அழுகலுக்கு எதிரான பூஞ்சை அது. ஒரு பையில் பச்சை, ஒன்றில் கறுப்பு, இன்னொன்றில் புளித்த வாடை. பச்சையும் நம்பத்தக்கதல்ல, பெனிசிலியமும் பச்சைதான்.

அடுத்த வீட்டில் இருக்கும், ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் முகர்ந்து பார்த்தார். "சோளம் வெந்திருக்கு, கிருமி சாகல."

"வேக வைக்கிறதுதான அத்தை, இதுல என்ன இருக்கு?"

அந்தக் கேள்விதான் அவருக்குச் சுருக்கென்றது.

1985-இல் அனைவருக்கும் தடுப்பூசித் திட்டம் தொடங்கியபோது ஊசிகள் கண்ணாடி சிரிஞ்சுகளில்தான் போடப்பட்டன. புதன்கிழமை தடுப்பூசி நாள். செவ்வாய் மாலையே சிரிஞ்சுகளோடு குக்கர் அடுப்பேறிவிடும். குழல் வேறு, தண்டு வேறாகக் கழற்றி அடுக்குவதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று அவர் அதைச் சொல்வதே இல்லை. அவர் ஓயாமல் சொல்வது வெயிட்டைப் பற்றி.

மூத்த செவிலியர் ஒருவர் அவர் கையைத் தட்டிவிட்டுக் கற்றுக்கொடுத்த பாடம் அது. ஆவி கம்பி போல விடாமல் சீறி, உள்ளிருக்கும் காற்று முழுக்க வெளியேறும்வரை வெயிட்டைப் போடக் கூடாது. காற்று அகப்பட்டால் அழுத்தம் ஏறும், சூடு ஏறாது. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தத்தில் தூய ஆவி 121 டிகிரியைத் தொடும். கொதிநீருக்குத் தப்பும் டெட்டனஸ் வித்தும் அங்கே சாகும். அழுத்தம் வந்தபின் கடிகாரம் பார்த்து 20 நிமிடம். விசில் எண்ணுவது சோற்றுக்கு.

மலையேறினால் அந்தக் கணக்கும் மாறும். சுமார் 1,400 மீட்டர் உயரத்திலுள்ள போடிமெட்டில் தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கிறது. அதே வெயிட் அங்கே 119-ஐத் தாண்டாது. இரண்டு டிகிரிதானே என்பார்கள். அவர் 35 நிமிடம் வைப்பார்.

பாரிஸில் பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் சாம்பர்லாண்ட் 1879-இல் செய்த ஆட்டோகிளேவுக்கும் இதே தத்துவம்தான். 2005-ஐ ஒட்டி, ஒருமுறை மட்டும் பயன்படும் ஏ.டி. சிரிஞ்சு வந்தது. நல்லதுதான் என்கிறார். ஆனால் அதோடு ஆவியைப் பற்றிய பயமும் போய்விட்டதாம். ஓரிடத்தில் ஆட்டோகிளேவுக்குள் கட்டுத்துணிகளை இடைவெளியின்றித் திணித்து, ஈரத்தோடு எடுத்ததைப் பார்த்துக் கேட்டார். "நாடா கறுத்திருக்குல்ல" என்றாள் இளம்பெண். மூட்டையின் மேலே ஒட்டிய, சூட்டில் கறுக்கும் நாடா மேல்சூட்டைத்தான் சொல்லும், மூட்டையின் நடுவை யார் பார்த்தது?

மறுநாள் பையனின் அடுப்படியில் அவரே நின்றார். சோளப் பைக்குள் சூடு மெல்லத்தான் இறங்கும், ஒன்றரை மணிநேரம் வேண்டும் என்றார். ஆவி சீறத் தொடங்கியதும் பையன் கை நீட்டினான். வெயிட் அவர் முந்தானை முடிச்சில் இருந்தது.