கரை தெரியாத வேளையில்

என் தந்தையார் கட்டுமரத்தில் கடலுக்குச் சென்ற நாள்களில் அவரிடம் திசைகாட்டும் கருவி எதுவும் இருந்ததில்லை. கடலில் நின்றவாறே நிலத்தைப் பார்ப்பார். எங்கள் ஊர்க் கோயிலின் கோபுரம், தொலைவிலுள்ள மலையின் எந்த முகட்டோடு ஒரே நேராக வருகிறது என்பது ஓர் அடையாளம். பக்கத்து ஊர்த் தென்னந்தோப்பு எந்தக் குன்றோடு சேருகிறது என்பது மற்றோர் அடையாளம். இவ்விரண்டு கோடுகளும் சந்திக்கும் இடத்தில் மரத்தை நிறுத்தினால், முன்பு மீன் கிடைத்த அதே பாரின் மேல் வந்து நிற்பார்.

சிறுவனாக இருந்தபோது அவரிடம் ஒருமுறை கேட்டேன்: “மழை வந்து கரையை மறைத்துவிட்டால் என்ன செய்வீர்கள், அப்பா?”

“நட்சத்திரத்தைப் பார்ப்போம். அதுவும் தெரியாவிட்டால் துடுப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டு, விடியும்வரை காத்திருப்போம். திசை தெரியாமல் வலித்தால் கரையை விட்டு விலகித்தான் போவோம்” என்றார்.

அந்த விடையின் பொருள் எனக்கு விளங்க அறுபது ஆண்டுகள் ஆயின. அதற்கு நான் கொடுத்த விலையும் பெரிது.

கடல் தொழிலுக்குச் செல்லாமல் படித்து ஆசிரியரானவன் நான். என் தம்பி கடலை விட்டு வர மனமில்லாதவன். 2015-ஆம் ஆண்டில் அவன் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, வளைகுடா நாட்டுக்குச் சென்று அங்குள்ள படகில் கூலிக்கு மீன் பிடிப்பது. மற்றொன்று, கையிலிருந்த பணத்தோடு கடனும் வாங்கி, ஆழ்கடலுக்குச் செல்லும் விசைப்படகு ஒன்றில் பங்கு சேர்வது. “அண்ணே, நீ செபம் செய்து பார்த்து ஒரு வார்த்தை சொல்லு. நீ சொன்னபடி செய்கிறேன்” என்றான்.

நான் சகாய மாதாவுக்கு நவநாள் செபம் செய்தேன். ஒன்பதாம் நாள் மாலையில், வளைகுடா வேலைக்கான விசா இன்னும் இரண்டு மாதம் தாமதமாகும் என்ற செய்தி வந்தது. எனக்கு அது வானிலிருந்து வந்த விடையாகவே தோன்றியது. “தம்பி, ஆண்டவர் வழியைக் காட்டிவிட்டார். படகில் சேர்ந்துகொள்” என்று உறுதியாகச் சொன்னேன்.

இரண்டு ஆண்டுகள் நன்றாகவே சென்றன. கடனில் பாதி அடைந்தது. வீட்டுக்குக் காங்கிரீட் கூரை வந்தது. நான் உள்ளூரப் பெருமை கொண்டேன்.

2017 நவம்பர் நடுவில் தம்பியின் படகு கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குப் புறப்பட்டது. நவம்பர் 30 அதிகாலையில் ஒக்கிப் புயல் குமரி மாவட்டத்தைத் தாக்கிற்று. அந்தப் பகலில் ரப்பர் மரங்களும் வாழைகளும் சாய்ந்து கிடந்த சாலைகளையும், பல நாள் மின்சாரமின்றி இருண்டு கிடந்த ஊர்களையும் எங்கள் மாவட்டத்தார் மறக்கமாட்டார்கள். ஆனால் கடற்கரை ஊர்களில் எவரும் சாய்ந்த மரங்களை எண்ணிக்கொண்டிருக்கவில்லை. எல்லாருடைய கண்களும் கடல்மேல் இருந்தன. பல நாள்களுக்கு முன்னரே ஆழ்கடல் சென்றுவிட்டவர்களுக்குப் புயல் எச்சரிக்கை எட்டியிருக்கவில்லை.

கோட்டாறு சவேரியார் பேராலயத்தில் திருவிழா நடந்துகொண்டிருந்த நாள்கள் அவை. டிசம்பர் 3, புனிதரின் திருநாள், அவ்வாண்டு திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறாகவும் அமைந்தது. ஆண்டவரின் வருகைக்காகக் காத்திருக்குமாறு திருச்சபை கற்பிக்கும் அந்த ஞாயிறன்று, நாங்கள் எங்கள் பிள்ளைகளின் வருகைக்காகக் கடற்கரையில் காத்திருந்தோம். இலட்சத்தீவுகளில் சில படகுகள் ஒதுங்கின என்றார்கள். மராட்டியக் கரையில் பல படகுகள் சேர்ந்தன என்றார்கள். ஒவ்வொரு செய்திக்கும் ஒருமுறை உயிர்த்து, ஒருமுறை இறந்தோம். தம்பியின் படகு எந்தக் கரைக்கும் வரவில்லை.

என் தாயார் வாசல் விளக்கை இரவில் அணைக்க விடவில்லை. அடக்கத் திருப்பலி பற்றி எவரேனும் பேசினால், “மக்களே, தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தரும்படி அந்தோனியாரிடம் கேட்டிருக்கிறேன். அவர் பதில் சொல்லட்டும்” என்பார். ஓராண்டு கழித்து, ஆன்மாக்களின் மாதத்தில், சவப்பெட்டி இல்லாமல் ஒரு நிழற்படத்தை மட்டும் பீடத்தின் முன் வைத்துத் திருப்பலி ஒப்புக்கொடுத்தோம். தாயார் 2020-இல் இறக்கும்வரை அந்த விளக்கு எரிந்தது.

என் துன்பம் வேறு வகையானது. அதை வீட்டில் எவரிடமும் சொல்ல முடியவில்லை. ஆண்டவர் காட்டிய வழி என்று சொல்லி, நானே அல்லவா அவனை அந்தப் படகில் ஏற்றினேன்? அப்படியானால் ஆண்டவர் என்னை ஏமாற்றினாரா? அல்லது ஒன்பது நாளும் நான் கேட்டது என் சொந்தக் குரல்தானா? பல மாதங்கள் செபமாலையைக் கையில் எடுப்பேன். முதல் மணியைத் தாண்டாமல் திரும்ப வைத்துவிடுவேன்.

கடைசியில் ஒரு மாலையில் பங்குத்தந்தையிடம் சென்று, அனைத்தையும் கொட்டிவிட்டேன். வயதில் இளையவரான அவர் நெடுநேரம் பேசாமலிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “ஆசிரியரே, நீங்கள் செபித்ததும் உண்மை. தம்பிமீது அன்பு வைத்துச் சொன்னதும் உண்மை. அதில் பாவம் எதுவுமில்லை. ஆனால் உங்கள் யோசனைக்கு அடியில் ஆண்டவருடைய கையெழுத்தை நீங்களே போட்டுவிட்டீர்கள். அந்தப் புயலையும் அவர் எழுதியதாக நினைத்து இப்போது அவரோடு வழக்காடுகிறீர்கள்.”

அச்சொல் என்னைச் சுட்டது. அதே வேளையில் ஏதோ ஒரு கட்டையும் அவிழ்த்தது.

அதன் பின்னரே நற்செய்தியில் சூசையப்பரின் வரலாற்றைப் புதிய கண்களோடு படித்தேன். மத்தேயு எழுதிய நற்செய்தியின் முதல் இரு அதிகாரங்களில் அவருக்கு நான்கு கனவுகள் வருகின்றன. மரியாளை ஏற்றுக்கொள் என்பது ஒன்று. குழந்தையை எடுத்துக்கொண்டு எகிப்துக்குப் போ என்பது அடுத்தது. இஸ்ராயேல் நாட்டுக்குத் திரும்பு என்பது பிறிதொன்று. யூதேயாவில் தங்கவேண்டாம் என்பது இறுதியானது. நான்கையும் ஒரே இரவில் வானதூதர் சொல்லியிருக்கலாகாதா? சொல்லவில்லை. எகிப்தில் எத்தனை நாள் இருப்பது என்றுகூட அவருக்குத் தெரியாது. மறுபடி சொல்லும்வரை இரு என்பதே கட்டளை. அடுத்து வைக்கவேண்டிய அடி மட்டுமே அவருக்குக் காட்டப்பட்டது. அதை அந்த இரவே எழுந்து வைத்தார்.

எங்கள் கரையின் அப்போஸ்தலரான சவேரியாரும் அப்படியே. 1540-இல் இந்தியாவுக்கு அனுப்பத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர் அல்லர். பொபதில்லா என்னும் அவருடைய தோழர். அவர் நோயுற்றமையால், பயணத்துக்கு முந்திய நாளில் இஞ்ஞாசியார் சவேரியாரை அழைத்தார். அந்தத் தற்செயலால் அன்றோ நம் கடற்கரை அவரைப் பெற்றது! ஆனால் அவருடைய இறுதிப் பயணத்தையும் எண்ணிப் பாருங்கள். சீனப் பெருநாட்டுக்குச் செல்ல விரும்பி, அதன் கரைக்கு எதிரேயுள்ள சான்சியான் தீவில் 1552-இல் காத்திருந்தார். அழைத்துச் செல்வதாக வாக்களித்திருந்த வணிகரின் படகு வரவேயில்லை. காய்ச்சலுற்று, டிசம்பர் 3-இல் அங்கேயே உயிர்துறந்தார். முதல் பயணத்தில் ஆண்டவர் வழிகாட்டினார், இறுதிப் பயணத்தில் கைவிட்டார் என்று எவரேனும் சொல்வோமா? வந்த படகையும் வராத படகையும் கொண்டு தேவ பராமரிப்பை அளந்தால், நம் அளவுகோலே பிழையானது.

இதை நூல்களிலிருந்து நான் கற்றேன். என் தம்பியின் மனைவியோ நூல் எதுவும் படிக்காமல் முன்னரே அறிந்திருந்தாள். புயலுக்குப் பின் பள்ளிகள் திறந்த அன்று, அழுது வீங்கிய முகத்தோடு பிள்ளைகளுக்குத் தலைவாரிக் கொண்டிருந்தாள். “இன்றைக்கேவா அனுப்புகிறாய்?” என்று கேட்டேன். “நாளைக்கு என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்குப் பள்ளிக்கூடம் உண்டு என்று தெரியும்” என்றாள். பின்னர் மீன்கூடையைத் தலையில் ஏற்றிச் சந்தைக்குச் சென்றாள். கடனை அடைத்தாள். மகளைச் செவிலியர் படிப்பில் சேர்த்தாள். ஒவ்வொன்றும் ஓர் அடி.

அன்று எட்டாம் வகுப்பில் இருந்த அவள் மகன் இன்று வளர்ந்த இளைஞன். அண்மையில் ஒருநாள் என்னிடம் வந்து, “பெரியப்பா, நான் கடலுக்குப் போகலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் செபம் செய்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்” என்றான். தந்தையின் அதே கண்கள், அதே சொற்கள்! என் நெஞ்சு நடுங்கிற்று.

இம்முறை நான் அடையாளம் எதையும் தேடவில்லை. “மகனே, செபம் செய்வேன், கட்டாயம் செய்வேன். ஆனால் ஆண்டவர் இப்படிச் சொன்னார் என்று உனக்கு நான் சொல்லமாட்டேன். முதலில் உன் அம்மாவிடம் பேசு. கடலில் பழுத்த பெரியவர்களிடம் கேள். படகில் என்ன பாதுகாப்புக் கருவிகள் உண்டு என்று பார். நீயும் முழந்தாளிட்டுக் கேள். தெளிவு பிறக்கும்வரை துடுப்பை எடுக்காதே, தெளிந்தபின் பயந்து நிற்காதே” என்றேன். அவன் இன்னும் முடிவு செய்யவில்லை. அவன் தாயும் செபித்துக்கொண்டிருக்கிறாள். நானும் மீண்டும் செபமாலை சொல்கிறேன். இப்போது முதல் மணியோடு நின்றுவிடுவதில்லை.

அன்பு வாசகர்களே, உங்கள் இல்லங்களிலும் இத்தகைய கேள்விகள் இருக்கும். மகளின் திருமணம், மகனின் வேலை, மருத்துவர் சொன்ன ஒரு சொல். கரை தெரியாத வேளை எல்லாருக்கும் வரும். அப்போது முழு வழியையும் காட்டும்படி ஆண்டவரை நெருக்காதீர்கள். காட்டிவிட்டார் என்று அவசரப்பட்டு அறிவிக்கவும் வேண்டாம். இன்றைய கடமை எது என்று கேளுங்கள். அது பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். அதைச் செய்யுங்கள்.

என் தம்பியை ஏன் கடல் கொண்டது என்பது எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் அந்த இரவில் அவன் தனியாக இருந்தான் என்று நான் நம்பவில்லை. கெனசரேத்துக் கடலில் அலைகளுக்கு நடுவே சீடரோடு படகில் இருந்தவர், அந்தப் படகிலும் இருந்தார். இருவரையும் ஒரே கரையில் காண்பேன் என்னும் நம்பிக்கையோடு, இன்றைய அடியை வைக்கிறேன்.