லுகாரா பங்கு வாங்கலாமா?

2024 ஆகஸ்டில் போட்ஸ்வானாவில் லுகாரா நிறுவனத்தின் கரோவே சுரங்கத்தில் 2,492 காரட் வைரம் கிடைத்தது. அந்தக் கல்லின் படத்தைப் பார்த்ததிலிருந்து நண்பர்கள் சிலர் லுகாரா பங்கு வாங்கலாமா என்று கேட்கிறார்கள்.

இதே சுரங்கம் 2015-இல் 1,109 காரட் கல் ஒன்றைத் தந்தது. பெயர் லெசெடி லா ரோனா. மறு ஆண்டு லண்டனில் ஏலம் விட்டார்கள். 6.1 கோடி டாலர் வரை கேட்டும் குறைந்தபட்ச விலை எட்டவில்லை. கல் திரும்பி வந்தது. 2017-இல் 5.3 கோடிக்குத்தான் போனது. அவ்வளவு பெரிய கல்லுக்கு வாங்குகிறவர் உலகத்தில் எத்தனை பேர், சொல்லுங்கள்!

லுகாராவுக்கு இருப்பது ஒரே சுரங்கம். திறந்தவெளிக் குழிக்குப் பிறகு நிலத்துக்கடியில் இறங்கக் கடன் வாங்கித் தோண்டுகிறார்கள். அந்தச் செலவு மதிப்பீடு 2023-இல் சுமார் 68 கோடி டாலராக ஏறியது. கூடவே ஆய்வகத்தில் உருவாக்கும் வைரங்கள் சந்தை விலையைக் கீழே தள்ளுகின்றன. நிறுவனம் நொடித்தால் கடன் கொடுத்தவருக்குப் போக மிச்சம்தான் பங்குதாரருக்கு.

பங்கு விலை மலிவாகத் தெரியலாம். ஆனால் நிலத்தடித் தாது மேலே வரும்வரை புதுப் பங்குகள் வெளியிட்டுப் பணம் திரட்டுவார்களா என்று பாருங்கள். பிள்ளைகளின் படிப்புப் பணத்தை மட்டும் இதில் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து.